போகி மூட்டத்தில் மாவிலைக்கு என்ன நிறம்?

போகியன்று விடிந்தும் விடியாத நேரத்தில் வடபழனி மெட்ரோ நிலையத்தின் நடைமேடையில் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நிலையம் தூண்களின் மேல் நிற்பதால் மற்ற நாட்களில் 100 அடிச் சாலை நெடுந்தூரம் தெரியும். அன்றைக்குத் தெரியாது. பழைய பாய், துடைப்பம், யார் சொல்லியும் கேட்காமல் சிலர் போடும் டயர், எல்லாம் எரிந்த புகையோடு மார்கழிக் கடைசிப் பனியும் சேர்ந்து ஊரை மூடியிருக்கும். 2018 ஜனவரி 13, போகி காலையில் இந்த மூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் முடியாமல் தவித்தன. அப்படியொரு காலையில் எடுத்த படத்தைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி, "பிளாக் அண்ட் ஒயிட்டா?" என்பதுதான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டவரே சொல்வார்: "இல்லையே, அந்த மாவிலைத் தோரணம் பச்சையாத் தெரியுதே!"

அந்தப் பச்சை எங்கே இருக்கிறது? படக் கோப்பிலா, செல்போன் திரையிலா, பார்ப்பவரின் கண்ணிலா, மாவிலை பச்சை என்று அவருக்கு முன்பே தெரிந்திருப்பதிலா? நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. சிலசமயம் கோப்பில் துளிப் பச்சைகூட இருக்காது. இருந்தாலும் பார்ப்பவர் பச்சை என்று சத்தியம் செய்வார்.

முதலில் மூட்டத்தைப் பார்ப்போம். புகையின் துகள்கள் மிகச் சிறியவையாக இருக்கும்போது நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. அதனால்தான் கருத்த சுவருக்கு முன்னால் எழும் புகை நீலமாகவும், அதே புகை வழியாகத் தெரியும் சூரியன் செம்பழுப்பாகவும் இருக்கிறது. ஈரக் காற்றில் அந்தத் துகள்களின்மேல் நீர் படிந்து அவை பருத்துவிட்டால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும், மூட்டம் வெள்ளையாகிவிடும். தோரணத்திலிருந்து கேமராவுக்கு வர வேண்டிய ஒளியில் ஒரு சிறு பங்குதான் வந்து சேர்கிறது. மீதி இடத்தை மூட்டத்தின் வெள்ளை ஒளி நிரப்பிவிடுகிறது. பச்சை அழியவில்லை, வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறது. போதாததற்கு, செல்போனின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், பெரும்பாலான காட்சிகளின் சராசரி நிறம் சாம்பலாகத்தான் இருக்கும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, புகையில் மிச்சமிருந்த பழுப்புச் சாயலையும் கழித்துவிடுகிறது.

இனி கண். விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் கூர்மை ஏறக்குறைய 560, 530, 420 நானோமீட்டர் அலைநீளங்களில் உச்சம் பெறுகிறது. ஆனால் மூளைக்குப் போவது இந்த மூன்றின் தனித்தனி அளவுகள் அல்ல, அவற்றுக்கிடையேயான வித்தியாசம். ஒரு தடம் சிவப்பா பச்சையா என்று கேட்கிறது. இன்னொன்று நீலமா மஞ்சளா என்று கேட்கிறது. சாம்பல் என்றால் இரண்டு கேள்விக்கும் பதில் பூஜ்யம். கண்ணின் கூர்மை உச்சத்தில் இருப்பது இந்தப் பூஜ்யத்தின் அருகில்தான். பொன் எடைபோடும் தராசுபோல, தட்டு இரண்டும் சமமாக நிற்கும்போது ஒரு குன்றிமணிகூட முள்ளை அசைத்துவிடும்.

இது வெறும் வர்ணனை அல்ல. இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்க சர்வதேச ஒளியியல் ஆணையமான சிஐஇ 1994-இல் பரிந்துரைத்த சூத்திரத்தில், நிறச் செறிவின் வேறுபாட்டை ஓர் எண்ணால் வகுக்க வேண்டும்: 1 கூட்டல் 0.045 பெருக்கல் அந்த நிறத்தின் செறிவு. சாம்பலுக்குச் செறிவு பூஜ்யம், எனவே வகுக்கும் எண் 1. செறிவு 60 உள்ள அடர்ந்த குங்குமச் சிவப்புக்கு அது 3.7. அதாவது அடர் சிவப்பில் கண்ணுக்குத் தட்டுப்படாத ஒரு செறிவு மாற்றம், சாம்பலில் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிதாகத் தெரியும். மிளகாய்ப்பொடியில் ஒரு சிட்டிகை குங்குமம் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கோலமாவில் கலந்தால் வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துவிடுவார்.

இதைவிடச் சுவாரசியமான சோதனை 1997-இல் வெளியானது. ரிச்சர்ட் பிரவுன், டொனால்ட் மெக்லியோட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வெளிர்நிறச் சதுரத்தை இரண்டு பின்னணிகளில் வைத்துக் காட்டினார்கள். ஒன்று ஒரே சீரான சாம்பல். மற்றது பல நிறத் துண்டுகள் நிறைந்தது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அதே சாம்பல்தான் வரும். சராசரியை மட்டும் கண் பார்ப்பதாக இருந்தால் இரண்டிலும் சதுரம் ஒன்றுபோல் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சாம்பல் பின்னணியில் அந்தச் சதுரம் அடர்ந்து தெரிந்தது; வண்ணக் கூட்டத்துக்கு நடுவில் வெளிறிப்போயிற்று. சுற்றுப்புறத்தில் நிறங்கள் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கின்றன என்பதையும் கண் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்தப் பரப்புக்கு ஏற்றபடி தன் அளவுகோலை நீட்டிக்கொள்கிறது, சுருக்கிக்கொள்கிறது. போகிப் படத்தில் மொத்த நிறப் பரப்பே விரற்கடை அளவுதான். அதற்குள் மாவிலையின் துளிப் பச்சை ஒரு பெரிய ஆள்.

இந்த அளவுகோல் காலத்தோடும் மாறுகிறது. மைக்கேல் வெப்ஸ்டரும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் ஒரே இடங்களின் படங்களை எடுத்து, காட்சியின் நிறப் பரவல் பருவத்தோடு எப்படி நகர்கிறது என்று அளந்தார்கள். பசுமை வற்றி நிலம் காயும்போது பார்வையின் நடுப்புள்ளியும் அதன் கூடவே நகர வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் காட்டை வைத்தே இப்படி ஓர் அளவீடு நடந்திருக்கிறது என்பது இங்கே அதிகம் பேசப்படாத விஷயம்.

வடபழனியிலிருந்து சாலிகிராமம் வரைக்கும் சினிமா டிஐ அறைகள் இருக்கின்றன. படமெடுத்து முடிந்ததும் ஷாட் ஷாட்டாக நிறம் சரிசெய்யும் இடம். அங்கே கலரிஸ்டாக உட்கார்ந்திருப்பவர்கள் இந்த ஆய்வுகளைப் படித்திருக்க வேண்டியதில்லை. அறையே அவற்றின்படிதான் கட்டப்பட்டிருக்கும். சுவருக்குச் சாயம் கலக்காத சாம்பல் வண்ணம், மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, மற்றபடி அரையிருட்டு. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மானிட்டர் முன் உட்கார்ந்தால் அதன் எதிரொளிகூடப் படத்தில் விழும் என்று கவலைப்படுகிற இடம் அது. இயக்குநர் "கொஞ்சம் டல் பண்ணுங்க" என்பார். சாச்சுரேஷனைக் குறைத்துக்கொண்டே போகும்போதுதான் சிக்கல் தொடங்கும். நிறம் நிறைந்த காட்சியில் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒரு துளி, இப்போது "ஷாடோல பச்சை அடிக்குது" என்று எழுந்து நிற்கும். குறைத்ததில் புதிதாகப் பச்சை எதுவும் சேரவில்லை. பார்ப்பவர்களின் அளவுகோல் சுருங்கியிருக்கிறது.

ஃபிலிம் காலத்தில் இதே வெளிறிய சாயலை ரசாயனத்தில் கொண்டுவந்தார்கள். கலர் ஃபிலிமைக் கழுவும்போது சாயத்தோடு வெள்ளியும் உருவாகும். பிளீச் செய்து அந்த வெள்ளியை வெளியேற்றினால் சுத்தமான கலர் கிடைக்கும். பிளீச்சைத் தவிர்த்துவிட்டால் கலர் படத்தின்மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஜப்பானிய ஒளிப்பதிவாளர் கசுவோ மியகாவா 1960-இல் கோன் இச்சிகாவாவின் படத்துக்காக இந்த உத்தியைக் கையாண்டார். அதன் அழகுக்குப் பாதிக் காரணம் வெள்ளி என்றால், மறு பாதி பார்ப்பவர்களின் விழித்திரை.

சரி, கோப்புக்குள் நுழைவோம். மூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் வாசல் ஒன்றைப் படமெடுத்ததாக வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை எண். நிலையில் இட்ட குங்குமம் (200, 40, 30). மஞ்சள் கொத்து (230, 180, 30). மாவிலை (60, 110, 40). இப்போது சாச்சுரேஷனைப் பத்து சதவீதத்துக்குக் குறைக்கிறோம், அதாவது ஒவ்வொரு எண்ணையும் அதனதன் வெளிச்சத்துக்குச் சமமான சாம்பலை நோக்கி இழுக்கிறோம். குங்குமம் (86, 70, 69) ஆகும். மஞ்சள் (185, 180, 165). மாவிலை (91, 96, 89). மூன்றுமே எண்ணளவில் சாம்பலுக்குப் பக்கத்து வீடு. ஆனால் எது எது என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பத்து சதவீதம் என்பது கண்ணுக்குத் தாராளம்.

மூன்று சதவீதத்துக்கு வருவோம். குங்குமம் (77, 72, 72), இன்னும் சிவப்பு. மாவிலை (93, 95, 93). இரண்டே படி வித்தியாசம். பக்கத்திலேயே சுத்தமான சாம்பல் இருந்தால், நல்ல திரையில் ஒரு கூர்மையான கண்ணுக்கு இது பிடிபடும். தனியாகக் காட்டினால் பிடிபடாது.

ஒரு சதவீதத்தில்தான் விஷயம் இருக்கிறது. குங்குமம் (75, 73, 73). ஏதோ ஒரு மிச்சம். மஞ்சள் (180, 180, 178). மாவிலை? கணக்குப் போட்டால் 93.97, 94.47, 93.77 என்று வருகிறது. கோப்பில் பின்னத்துக்கு இடமில்லை. முழு எண்ணாக்க வேண்டும். (94, 94, 94). அச்சு அசல் சாம்பல். பச்சை குறைந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, அது கோப்பில் இல்லவே இல்லை. குங்குமம் பிழைத்து மாவிலை சாவதற்குக் காரணம், மாவிலையின் நிறம் தொடக்கத்திலேயே மங்கல் என்பதுதான். இயற்கையின் பச்சைகள் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட மங்கலானவை. பாட்டில் பச்சை, கிளிப்பச்சை என்று கடைச் சாயத்தை நினைத்துக்கொண்டு மரத்தைப் பார்க்கிறோம்.

மூன்று சதவீதப் படத்தில் உயிர் தப்பிய மாவிலைக்கும் அடுத்த கண்டம் காத்திருக்கிறது: ஜேபெக். சேமிக்கும்போது இந்த முறை படத்தை வெளிச்சம் ஒன்றாகவும் நிறம் இரண்டாகவும் பிரிக்கிறது. கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதுபோல் நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை என்பது இதற்கு ஆதாரம். பொதுவாகச் சரியான நம்பிக்கையும்கூட. அதனால் வழக்கமான அமைப்பில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம்தான் பதிவாகும். பிறகு எட்டுக்கு எட்டுக் கட்டமாக எடுத்து முரட்டுத்தனமாக முழுமைப்படுத்தும். ஜேபெக் தரநூலில் மாதிரியாகக் கொடுத்திருக்கும் அட்டவணையை அப்படியே, அதாவது தரம் 50 என்ற அளவில், பயன்படுத்தினால் ஒரு கட்டத்தின் சராசரி நிறம் ஏறக்குறைய இரண்டு படிக்கு ஒருமுறைதான் நகரும். கட்டத்துக்குள் இருக்கும் நுண்ணிய நிற மாற்றங்களுக்கு இன்னும் பெரிய கத்தரி. மாவிலையின் (93, 95, 93) இரண்டு நிற அலகுகளிலும் சாம்பலிலிருந்து ஒரு படி அளவுதான் விலகியிருக்கிறது. முழுமைப்படுத்தினால் பூஜ்யம். குங்குமத்தின் சிவப்பு அலகு இரண்டரைப் படி விலகல், அது தப்பிவிடும். நிறைந்த வண்ணப் படங்களை வைத்து, அவற்றில் கண் எதைக் கவனிக்காது என்று பார்த்து அமைத்த சிக்கனம் இது. கண் மிகக் கூர்மையாக இருக்கும் சாம்பல் ஓரத்தில் அதே சிக்கனம் கழுத்தறுக்கிறது. மூட்டத்தில் எடுத்த படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பிச் சுருக்கினால் முதலில் போவது ஆட்கள் முகமோ பெயர்ப்பலகை எழுத்தோ அல்ல, இந்தத் துளி நிறங்கள்தான்.

ஆனால் (94, 94, 94) மாவிலையைக் காட்டினாலும் பார்ப்பவர் பச்சை என்பார் என்றேனே, அதற்கு வருகிறேன். 2006-இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் கார்ல் கெகன்ஃபுர்ட்னரின் குழு ஒரு சோதனை செய்தது. திரையில் ஒரு வாழைப்பழம். அது சாம்பலாகத் தெரியும்வரை பொத்தானை அழுத்தி நிறத்தைச் சரிசெய்ய வேண்டும். வெறும் வட்டத்தைக் கொடுத்தால் ஏறக்குறைய சரியான சாம்பலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள், வாழைப்பழத்தைக் கொடுத்ததும் சாம்பலைத் தாண்டிக் கொஞ்சம் நீலத்துக்குள் போய் நிறுத்தினார்கள். காரணம், உண்மையான சாம்பலில் இருந்தபோது பழம் அவர்களுக்கு இலேசான மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. அந்த மஞ்சளை ஈடுகட்ட எதிர்நிறமான நீலம் தேவைப்பட்டது. பழம் மஞ்சள் என்ற நினைவு, கண் கொடுத்த தகவலின்மேல் ஒரு பூச்சுப் பூசுகிறது. மாவிலைக்கும் இதே கதி நேரும் என்று எதிர்பார்க்கலாம். தோரணத்தின் வடிவம் தெரிந்த உடனே பச்சை வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பானின் அகியோஷி கிடாவோகா 2017-இல் இணையத்தில் விட்ட ஸ்ட்ராபெரி படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிவப்பாகத் தெரியும் பழங்களில் சிவப்பு மேலோங்கிய புள்ளி ஒன்றுகூட இல்லை; எல்லாம் சாம்பலும் நீலம் கலந்த சாம்பலும்தான். ஆனால் அதை நினைவின் வேலை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அங்கே படம் முழுக்க ஒரு நீலப்பச்சைப் போர்வை இருக்கிறது. வெளிச்சமே அந்த நிறம் என்று மூளை எடுத்துக்கொண்டு அதைக் கழிக்கிறது. கழித்தால் சாம்பல் சிவப்பாகிவிடும். வாழைப்பழத்தில் நடப்பது வேறு, ஸ்ட்ராபெரியில் நடப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது.

நினைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடபழனியிலேயே சாட்சி உண்டு. ஆற்காடு சாலையில் விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இன்று மால் நிற்கிறது. அந்த விஜயா நிறுவனம் 1957-இல் தந்த கறுப்பு வெள்ளைப் படம் 'மாயாபஜார்'. அதன் தெலுங்குப் பதிப்புக்கு ஹைதராபாத் நிறுவனமொன்று கணினியில் வண்ணமேற்றி 2010-இல் வெளியிட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நிறத்தைப் பற்றிய தகவல் ஒரு துளியும் இல்லை. எவ்வளவு பெருக்கினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். இலை பச்சை, நகை பொன் என்பதெல்லாம் ஏற்றியவர்கள் தெரிந்து வைத்திருந்த நிறங்கள். பழைய கலர் படத்தைப் புதுப்பிப்பது அப்படியல்ல. 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மென்கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் பெட்டிக்குள் இருட்டில் இருந்தே வெளிறிவிடும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சுருளை எடுத்துப் பார்த்தால் ஒரே ரோஜாச் சிவப்பு. ஆனால் போன சாயத்தில் ஒரு சிறு மிச்சம் இருக்கும். பிரசாத் போன்ற நிறுவனங்கள் சென்னையில் செய்யும் டிஜிட்டல் மீட்பு வேலைகளில் இந்த மாதிரி மிச்சத்தை ஸ்கேன் செய்து பெருக்கி எடுக்கிறார்கள். பெருக்கும்போது ஃபிலிமின் குருணையும் சேர்ந்து பெருகும். எது வானத்தின் நீலம், எது குருணையின் நீலம் என்று பிரிப்பதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. வானம் நீலம் என்று முன்பே தெரிந்திருப்பது அங்கே உதவியாகவும் இருக்கும், தவறான பாதைக்கும் இழுக்கும்.

உங்கள் படத்தில் தெரியும் துளி நிறம் உண்மையா என்று பார்க்க லேப் தேவையில்லை. செல்போனில் இரவு நேர மஞ்சள் வெளிச்ச அமைப்பையும், அறை விளக்குக்கு ஏற்பத் திரையின் வெள்ளையை மாற்றும் அமைப்பையும் முதலில் அணையுங்கள். இவை திரையிலுள்ள சாம்பல் அத்தனைக்கும் சாயம் பூசுகின்றன. ஒரு நிமிடமாவது பொறுத்திருந்து பாருங்கள். புதிய வெளிச்சத்துக்குக் கண்ணின் நிறப் பழக்கம் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் முடிய அறுபது விநாடி ஆகிறது என்று மார்க் ஃபேர்சைல்டும் லிசா ரெனிஃபும் 1995-இல் அளந்திருக்கிறார்கள். பட்டுப்புடவை எடுக்கும்போது தி. நகர்க் கடையில் "வாசல் வெளிச்சத்துல காட்டுங்க" என்று கேட்டு வெளியே வந்தவுடன் முடிவு செய்துவிடுபவர்களுக்கும் இந்த ஒரு நிமிடம் பொருந்தும். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். தோரணம் தோரணமாகத் தெரியாதபோது நினைவின் பூச்சு தளர்கிறது. அப்போதும் பச்சை தெரிந்தால், படத்தைத் திருத்தும் செயலியில் சாச்சுரேஷனை உச்சத்துக்கு ஏற்றுங்கள். கோப்பில் பச்சை இருந்தால் இலையின் வடிவத்திலேயே பொங்கி வரும். ஜேபெக்கின் மிச்சமாக இருந்தால் இலையின் ஓரத்தை மதிக்காமல் சதுரம் சதுரமாக வரும். ஒன்றுமே வராமல் சாம்பல் சாம்பலாகவே இருந்தால், நீங்கள் பார்த்தது உங்கள் மாவிலை.

வரும் போகிக்குப் படமெடுப்பதாக இருந்தால் 'ரா' கோப்பாக எடுத்து வையுங்கள். மேலே பார்த்த 0 முதல் 255 வரையான எண்கள் 8 பிட்; 'ரா'வில் படிகள் அதைவிட நுணுக்கமானவை. ஒரு சதவீத மாவிலை, 10 பிட்டில் என்றால் (377, 379, 376) என்று பதிவாகும். பச்சை உயிரோடு இருக்கிறது. ஆனால் அது 8 பிட்டின் அரைப் படி அளவுதான். 10 பிட் காட்டக்கூடிய திரையில் போட்டாலும் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாது. பின்னால் என்றைக்காவது பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் உதவும்.